வாசலில் நிற்கும் கம்பெனி காரும் பஸ்ஸில் போகும் என் மகளும்

எங்கள் நிறுவன நிர்வாகத்தாருக்கும், கம்பெனி காரைச் சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற இதே சுற்றறிக்கையை வரி மாறாமல் அனுப்பியிருக்கும் மற்ற நிறுவனங்களின் மனிதவள, அட்மின் பிரிவினருக்கும்,

வணக்கம்.

நான் நூற்பாலை இயந்திரங்களுக்கு சர்வீஸ் செய்யும் இன்ஜினியர். வீடு சூலூரில். பல்லடம், சோமனூர், அன்னூர், உடுமலை என்று தினமும் சுற்றுவேன். பெரிய வேலை வந்தால் வேடசந்தூர், ராஜபாளையம் வரைக்கும் போவேன். இதற்காக நிறுவனம் எனக்கு ஒரு கார் தந்திருக்கிறது. நல்ல கார். முதல் நான்கு வருடம் டூல் பாக்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறியவன் நான். அதனால் அந்தக் காரின் அருமை எனக்குத் தெரியும். நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

காலை ஏழே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் அதே நேரத்துக்குத்தான் கிளம்புகிறாள். அவள் பள்ளி பல்லடத்தில், திருச்சி ரோட்டின் மேலேயே இருக்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது நான் போகும் மில் அந்தப் பள்ளியைத் தாண்டித்தான். அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறாள், நான் காரை எடுக்கிறேன். காரணம்பேட்டை வரும்போது பல நாள் அவள் போகும் பஸ்ஸை நான் முந்துவேன். படிவரைக்கும் நெருக்கி நிற்கும் கூட்டத்துக்குள் அவள் எங்கோ இருப்பாள். என் காரில் முன்னால் ஒரு சீட்டும் பின்னால் முழு சீட்டும் காலியாக இருக்கும்.

அவளை ஏற்றினால் கூடுதலாக ஒரு சொட்டு பெட்ரோல் செலவாகாது. பள்ளி வாசலில் அரை நிமிடம் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் ஏற்ற முடியாது.

2023 தீபாவளி முடிந்த வாரத்தில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. வேலை தவிர வேறு எதற்கும் காரை எடுக்கக் கூடாது. ஊழியர் அல்லாத யாரும் ஏறக் கூடாது, போகிற வழியாகவே இருந்தாலும். இரவு எட்டு மணிக்கு மேலும், ஞாயிற்றுக்கிழமையும், சர்வீஸ் கால் நம்பர் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. அவசரம் என்றால் அட்மினுக்கு மெயில் போட்டு முன் அனுமதி வாங்க வேண்டும். மீறினால் சம்பளத்தில் பிடித்தம், மூன்றாம் முறை ஒழுங்கு நடவடிக்கை. டிசம்பர் முதல் வாரத்தில் எல்லா வண்டிக்கும் ஜிபிஎஸ் மாட்டிவிட்டார்கள்.

இந்தக் கார் ராத்திரியில் ஏன் என் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதை உங்களில் புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதை அங்கே நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. முன்பெல்லாம் வண்டிகள் ஆபீஸ் ஷெட்டில் நிற்கும். மில் மூன்று ஷிஃப்ட் ஓடுகிறது. நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரம் நின்றால் ஸ்பின்னிங் மாஸ்டர் இரவு ஒன்றரைக்கும் போன் பண்ணுவார். நாங்கள் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு வந்து, வாட்ச்மேனை எழுப்பி, சாவி வாங்கி, திரும்பவும் வந்த வழியே போய்ச் சேர்வதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விடும். மில்காரர்கள் சத்தம் போட்டார்கள். அதன் பிறகுதான் வண்டியை இன்ஜினியர் வீட்டிலேயே நிறுத்தலாம் என்று முடிவானது. நல்ல முடிவு. அன்று முதல் நிறுவனத்துக்கு ஷெட் செலவு இல்லை. எனக்கு ராத்திரி, பகல் என்ற வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. வண்டியைக் கழுவுவது, டயருக்குக் காற்றுப் பார்ப்பது, தெருப் பையன்கள் கிறுக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் வீட்டு வேலையாகிவிட்டது.

ஜிபிஎஸ் மாட்டிய இரண்டாவது வாரம் எனக்கு மெமோ வந்தது. உடுமலையில் ஒரு மில்லில் வேலை முடித்துத் திரும்பும்போது பொங்கலூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு வண்டியைத் திருப்பினேன். நாங்கள் வேலை பார்க்கும் மில்லில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்த ஒருவர் இறந்துபோயிருந்தார். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திர வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் கைப்பிடித்துச் சொல்லிக் கொடுத்தது. துக்கம் கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். கூடுதலாக ஓடியது 11 கிலோமீட்டர். ரிப்போர்ட்டில் அது சிவப்புக் கோடாக வந்தது. விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். 'ஏற்கத்தக்கதல்ல' என்று பதில் வந்தது.

அப்புறம் வந்தது மார்கழி. கடைசி வாரத்தில் ஒரு நாள் இரவு ஒரு மணி வாக்கில் மகளுக்கு வீசிங் வந்துவிட்டது. வீட்டில் நெபுலைசர் வைத்தோம், அடங்கவில்லை. உதடு வெளுக்க ஆரம்பித்தது. என் மனைவி கார் சாவி தொங்கும் ஆணியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். நடுவில் பிள்ளையை உட்காரவைத்து, போர்வையால் சுற்றி, மூன்று பேராக அந்தப் பனியில் சிங்காநல்லூர் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூட்டி டாக்டர் முதலில் கேட்டது, "இந்தக் குளிர் காற்றில் ஏன் டூவீலரில் கூட்டிட்டு வந்தீங்க?" என்பதுதான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

விடியற்காலைக்குள் சரியாகிவிட்டது. பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது மெமோவை நினைத்தது என் தப்பு, அதை நான் மறைக்கவில்லை. காரை எடுத்திருந்தால் வேலை போயிருக்காது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் சில வாரங்களுக்கு முன்னால் 11 கிலோமீட்டருக்கு விளக்கம் எழுதிய ஒருவனுக்கு, ராத்திரி ஒரு மணிக்கு அந்தத் தெளிவு வராது. மெயில் போட்டு அனுமதி வாங்குங்கள் என்ற வரியை எழுதியவர், அந்த நேரத்தில் அந்த மெயிலை யார் படிப்பார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

இந்த விதி எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். எங்களில் ஒருவர் பூஜை விடுமுறையில் குடும்பத்தோடு மூணாறு போனார். நிறுவனத்தின் ஃபியூயல் கார்டில் டேங்கை நிரப்பி, சர்வீஸ் கால் என்று எழுதிவிட்டுப் போனார். திரும்பும்போது பக்கவாட்டில் உரசல். அது மில் வாசலில் நடந்தது என்றும் எழுதினார். தவறுதான். பொய்யான லாக் புக் எழுதுகிறவரிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அவருக்குத் தர வேண்டிய தண்டனை, இருபத்தாறு பேருக்கும் விதியாகிவிட்டது.

சட்டப் பொறுப்பைப் பற்றிய உங்கள் பயத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனி கார் யாரையாவது இடித்தால் வழக்கு கம்பெனி மீதும் வரும். காருக்குள் வேறு யாரையாவது ஏற்றியிருந்தாலும் வரும். 1960 டிசம்பரில் நாக்பூரிலிருந்து பாண்டுர்ணாவுக்குப் போன ஒரு கம்பெனி கார் மரத்தில் மோதியது. ஓட்டியவர் கம்பெனி மேனேஜர். அவர் ஏற்றிக்கொண்டு போன இன்னொருவர் இறந்துபோனார். 1977இல் உச்ச நீதிமன்றம், மேனேஜர் நிறுவன வேலையாகப் போனதால் நிறுவனம் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனியின் பங்கை 15,000 ரூபாயோடு நிறுத்தியது. மீதி அந்த நிறுவனத்தின் தலையில். இப்படி ஒரு தீர்ப்பைப் படித்த எந்த நிர்வாகிக்கும் கை நடுங்கும்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஒரு கம்பெனி காரில் போன நிர்வாக இயக்குநருக்கே காயம் பட்ட வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2012இல் தீர்ப்பு வந்தது. சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள பாலிசி வேறு, காருக்கு வரும் சேதத்தையும் சேர்த்துக் காக்கும் பேக்கேஜ் பாலிசி வேறு. பேக்கேஜ் பாலிசி என்றால் காருக்குள் பயணிப்பவருக்கும் காப்பீட்டு நிறுவனமே பொறுப்பு என்று நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. எங்கள் கார்களுக்கு நீங்கள் எடுத்திருப்பது பேக்கேஜ் பாலிசி. அப்படியானால் அதில் உட்காரும் என் மகளும் அந்தப் பாதுகாப்புக்குள்தான் வருகிறாள்.

மீட்டிங்கில் எங்களிடம் சொல்லப்பட்டது வேறு. சொந்த வேலைக்குப் போகும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது என்றார்கள். நான் டேஷ்போர்டில் இருந்த பாலிசி நகலை எடுத்து முழுக்கப் படித்தேன். தனியார் கார் பாலிசியில் உபயோகம் பற்றிய பகுதியில் எழுதியிருப்பது இதுதான்: வாடகைக்கு விடுவது, சரக்கு ஏற்றுவது, பந்தயம், வேகச் சோதனை, வாகன வியாபாரம் சம்பந்தமான உபயோகம் போன்ற சிலவற்றைத் தவிர எந்த நோக்கத்துக்கும் ஓட்டலாம். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர் ஓட்ட வேண்டும். சொந்த வேலை என்ற சொல் அந்த விலக்குப் பட்டியலில் எங்குமே இல்லை.

சரக்கு என்ற சொல் இருக்கிறது. சாம்பிளும் சொந்தப் பெட்டி படுக்கையும் போகலாம், மற்றச் சரக்கு கூடாது. வாரத்தில் பாதி நாள் டிக்கியில் நாற்பது கிலோ ஸ்பேர் ஏற்றிக்கொண்டு போகச் சொல்கிறீர்கள். இன்சூரன்ஸ் பற்றி உண்மையிலேயே கவலை இருந்தால், காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுத் தெளிவாக்க வேண்டியது அந்த ஸ்பேர் பற்றித்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சொந்தக் கார் வைத்திருப்பவர் தானே ஓட்டினால் அவருக்கென்று 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம் உண்டு. வாகனம் ஒரு கம்பெனி பெயரில் இருந்தால் அந்தக் காப்பீடு கிடையாது, ஏனென்றால் உரிமையாளர் ஒரு மனிதர் இல்லை. அதாவது மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் இந்தக் காரை ஓட்டும் எனக்கு, வண்டிப் பாலிசியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஊழியர்களுக்கும் பயணிகளுக்கும் தனித் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. பெரிய தொகையும் இல்லை. எங்கள் பாலிசி நகலில் அந்தக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. சுற்றறிக்கைக்குச் செலவழித்த நேரத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவழித்திருந்தால், வேலைக்குப் போகும் பாதையிலும் எங்கள் குடும்பங்கள் நிம்மதியாக இருக்கும்.

இப்போது வரி விஷயத்துக்கு வருகிறேன். என்னை இந்தக் கடிதம் எழுத உட்காரவைத்ததே இதுதான்.

2023-24 நிதியாண்டுக்கான, சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 16 ஜூன் மாதம் கைக்கு வந்தது. கூடவே, சம்பளத்துக்கு மேல் நிறுவனம் தந்த சலுகைகளின் மதிப்பைக் காட்டும் படிவம் 12பிஏ. அதில் மோட்டார் கார் என்ற வரிக்கு நேரே 21,600 ரூபாய். மாதம் 1,800, பன்னிரண்டு மாதம். என் சம்பளத்தோடு அதைக் கூட்டி, அதற்கும் வரி பிடித்திருக்கிறீர்கள். இந்த 1,800 எங்கிருந்து வருகிறது என்று ஆடிட்டர் வேலை பார்க்கும் என் மைத்துனரிடம் கேட்டேன். அந்த நிதியாண்டில் இருந்த வருமான வரி விதிகளில் மூன்றாம் விதி. 1.6 லிட்டருக்கு மேற்படாத இன்ஜின் உள்ள காரை நிறுவனம் தந்து, ஓட்டும் செலவையும் நிறுவனமே ஏற்று, ஊழியர் அதை வேலைக்கும் சொந்த உபயோகத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்தினால் மாதம் 1,800 ரூபாய் சலுகையாக மதிப்பிட வேண்டும். சொந்த உபயோகத்துக்கான செலவு முழுவதையும் ஊழியரே ஏற்றால் 600. வேலைக்கு மட்டுமே பயன்படுத்தினால் எதுவும் இல்லை. ஆனால் தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு எல்லாம் எழுதிய பதிவேடு வேண்டும், நிறுவனம் ஒரு சான்றும் தர வேண்டும். வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போய் வருவதை வரிச் சட்டமே சலுகையாகப் பார்ப்பதில்லை.

ஆக, வருமான வரித் துறைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தது, இவர் காரைச் சொந்த வேலைக்கும் பயன்படுத்துகிறார் என்று. எனக்கு எழுதிக் கொடுத்தது, சொந்த வேலைக்கு எடுத்தால் தண்டனை என்று. நவம்பரிலிருந்து மார்ச் வரை, நான் செய்யக் கூடாது என்று நீங்களே தடுத்த ஒன்றுக்கு நான் வரி கட்டியிருக்கிறேன். என் மகள் பஸ்ஸில் நின்றுகொண்டு போன மாதங்களுக்கு, அவள் காரில் போனதாகக் கணக்கு வைத்து என்னிடம் பிடித்திருக்கிறீர்கள். அக்கவுண்ட்ஸில் கேட்டால், எல்லோருக்கும் அப்படித்தான் போடுகிறோம், சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார்கள். அட்மினில் கேட்டால், வரி எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். இரண்டு மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. அதனால்தான் திறந்த மடல்.

வேலைக்கு மட்டும்தான் கார் என்பது உங்கள் இறுதி முடிவு என்றால், அந்தச் சான்றைத் தாருங்கள். ஜிபிஎஸ் பதிவு ஒவ்வொரு மீட்டருக்கும் உங்களிடம் இருக்கிறது. அதைவிட நல்ல பதிவேடு எந்த அதிகாரியும் கேட்கப் போவதில்லை. என் படிவத்தில் அந்த வரி பூஜ்யம் ஆகட்டும், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எனக்கும் என்னோடு வேலை செய்பவர்களுக்கும் வேண்டியது அது இல்லை.

எங்களுக்கு வேண்டியது எழுத்தில் உள்ள ஒரு அளவு. மாதம் 200 கிலோமீட்டர் என்று வையுங்கள். எங்கள் கார் லிட்டருக்குப் பதினெட்டு தருகிறது. 200 கிலோமீட்டருக்குப் பதினோரு லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் சொச்சம் என்றால் ஆயிரத்து நூறு ரூபாய் சொச்சம் ஆகும். அதை நிறுவனம் ஏற்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. நான் கட்டுகிறேன். மாதக் கடைசியில் லாக் புக்கைப் பார்த்து, டயர், சர்வீஸ் தேய்மானத்துக்கும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஒரு விலை போட்டு என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். சொந்த உபயோகச் செலவு முழுக்க என்னுடையது என்று ஆனால், அந்த விதிப்படி என் படிவத்தில் 1,800க்குப் பதில் 600 வரும். உங்கள் கணக்கும் நேராகும், என் கணக்கும் நேராகும்.

போகிற பாதையிலேயே இறங்கும் மனைவி, பிள்ளை, பெற்றோரை ஏற்ற அனுமதியுங்கள். பாதை மாறாதபோது அதற்குக் கிலோமீட்டர் கணக்கே தேவையில்லை. உடம்பு சரியில்லை என்றால், பிரசவம் என்றால், சாவு என்றால், யாரையும் கேட்காமல் வண்டியை எடுக்கலாம், மறுநாள் ஒரு வரி எழுதினால் போதும் என்று சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்ற சீட்டைக் கேட்டால் காட்டுகிறோம். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரை ஏற்றினாலும் அப்படியே இருக்க வேண்டும். அடிபட்டவருக்கு உதவுபவரைக் காக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் தனிப் பிரிவே சேர்த்தார்கள். அப்படி உதவிவிட்டு வரும் ஊழியரிடம் ஏன் பாதை மாறினாய் என்று எங்கள் அட்மின் விளக்கம் கேட்கும் நிலைமை இன்று இருக்கிறது.

வெளியூர்ப் பயணத்தைத் தடை செய்யுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஊட்டிக்கும் பழனிக்கும் போக வேண்டுமென்றால் நாங்கள் பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ போய்க்கொள்கிறோம். மச்சானுக்கும் நண்பனுக்கும் சாவியைக் கொடுக்கக் கூடாது, குடித்துவிட்டுத் தொடக் கூடாது, காசு வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றக் கூடாது என்பதெல்லாம் இருக்க வேண்டிய விதிகள். லாக் புக்கில் பொய் எழுதினால் காரைப் பிடுங்குங்கள். என் மனைவியிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஆனாலும் இந்தக் காரை அவள் ஓட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஜிபிஎஸ் இருக்கட்டும். திருடு போனால் கண்டுபிடிக்கவும், எந்த இன்ஜினியர் எந்த மில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று பார்த்து அனுப்பவும் அது உதவுகிறது, அதை நானே பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வண்டி எங்கே நிற்கிறது என்று ஆபீஸில் ஒருவர் போனில் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் வேண்டாம். வேலை நேரத்துக்கு வெளியே அந்தத் திரையை யார், எதற்காகத் திறக்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

மற்ற நிறுவனங்களிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒன்று. உங்கள் சுற்றறிக்கையும் எங்களுடையதும் எழுத்துப் பிழை உட்பட ஒன்றாக இருக்கிறது. யாரோ ஒருவர் எழுதியதைப் பார்த்து எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் ஊழியர் எத்தனை மணிக்கு வேலைக்குக் கூப்பிடப்படுகிறார், கார் எங்கே நிற்கிறது, பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது, படிவம் 12பிஏவில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு உங்கள் விதியை நீங்களே எழுதுங்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் பள்ளி திறக்கிறது. நான் கேட்டதில் எல்லாவற்றையும் உடனே முடிவு செய்ய நாளாகும் என்று தெரியும். போகிற வழியில் குடும்பத்தாரை ஏற்றலாம், ஆஸ்பத்திரிக்கு அனுமதி தேவையில்லை என்ற இரண்டு வரிகளை மட்டும் அதற்குள் அனுப்பிவிடுங்கள். மார்கழி வருவதற்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
சூலூரிலிருந்து ஒரு சர்வீஸ் இன்ஜினியர்